குடும்பப் பெயர் போதாது: செபார்டிக் யூத வேர்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1391ஆம் ஆண்டு ஸ்பெயினில் யூதருக்கு எதிராக மூண்ட கலவரங்களில் உயிருக்கு அஞ்சியும், 1492இல் வெளியேற்ற ஆணை வந்தபோது ஸ்பெயினை விட்டுச் செல்ல மனமோ வழியோ இல்லாமலும், 1497இல் போர்த்துகல் மன்னர் முதலாம் மனுவேலின் கட்டாயத்தாலும் பெருந்தொகையான செபார்டிக் யூதர்கள், அதாவது ஸ்பெயின், போர்த்துகல் பகுதி யூதர்கள், கத்தோலிக்கராக்கப்பட்டனர். எபிரேயத்தில் ‘அனுசிம்’, அதாவது வற்புறுத்தப்பட்டவர்கள், எனப்படும் இவர்களின் வழித்தோன்றல்கள் இன்று போர்த்துகல், பிரேசில், மெக்சிகோ, மயோர்க்கா எனப் பல இடங்களில் தங்கள் மூதாதையரைத் தேடுகிறார்கள். அந்தத் தேடல் பெரும்பாலும் முதல் படியான குடும்பப் பெயரிலேயே வழி தவறுகிறது.

பெரெய்ரா என்றால் பேரி மரம், ஒலிவெய்ரா என்றால் ஒலிவ மரம். மரப்பெயர் உடையவர்கள் எல்லாரும் யூத வழியினர் என்பது போர்த்துகீசிய உலகில் நெடுநாளாக உலவும் நம்பிக்கை. உண்மையில், திருமுழுக்குப் பெற்றவர்கள் ஞானத்தந்தையின் பெயரையோ ஊரில் பரவலாக வழங்கிய பெயரையோ சூட்டிக்கொண்டார்கள். ஆகவே ஒரே பெயர் மதம் மாறியவருக்கும் இருந்தது, தலைமுறைகளாகக் கிறிஸ்தவராக இருந்தவருக்கும் இருந்தது. செபார்டிக் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரும் ஸ்பெயினின் சட்டம் பேச்சில் இருந்த 2014இல், ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட போலிப் பட்டியல் ஒன்று இணையத்தில் சுற்றியதும், அதில் தம் பெயரைக் கண்ட பலர் மகிழ்ந்துபோனதும் தனிக்கதை.

ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் மதம் மாறிய யூதர்களின் வழிவந்த ஷுவெட்டாக்கள் இதற்கு விதிவிலக்கு. ஃபுஸ்தெர், பொமார், வால்ஸ் முதலிய 15 பெயர்களை உடைய குடும்பங்களுக்குத் தீவில் மற்றவர்கள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்ததால், அவை பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துவந்தன. அங்கே அந்தப் பெயர்களுக்குச் சான்றின் வலு வந்தது இந்த ஒதுக்கிவைப்பால்தான்.

அடுத்த தவறு, பாட்டியின் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது. வெள்ளி மாலையில் விளக்கேற்றினார், பன்றிக்கறி தொடவில்லை என்பவை நல்ல தடயங்கள். ஆனால் அவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். நியூ மெக்சிகோவில் சிலர் சிறுவயதில் ஆடிய பம்பர விளையாட்டைச் செபார்டிக் மரபின் எச்சமாகக் காட்டினார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகைப் பம்பரமோ கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களுடையது. ஒரு பழக்கத்தைக் காட்டிலும், ஒன்றோடொன்று பின்னிய பல பழக்கங்களும் அவற்றை மறைத்துச் செய்ததற்கான நினைவுமே கனமானவை. போர்த்துகலின் பெல்மோந்தே ஊரில் 1917இல் அப்படியொரு சமூகத்தைக் கண்டவர், போலந்திலிருந்து வந்த சுரங்கப் பொறியாளர் சாமுவேல் ஷ்வார்ஸ். தானும் யூதன்தான் என்று அவர் சொன்னதை அங்கிருந்த பெண்கள் நம்பவில்லை. தங்கள் போர்த்துகீசியச் செபங்களை அறியாதவன் எப்படி யூதனாவான் என்பது அவர்கள் ஐயம். அவர் எபிரேயத்தில் யூதர்களின் முதன்மைச் செபமான ‘ஷெமா’வைச் சொல்லி, ஆண்டவர் என்று பொருள்படும் ‘அதோனாய்’ என்ற சொல்லை உச்சரித்தபோதுதான் அவர்கள் கைகளால் கண்களை மூடிக்கொண்டார்கள். அவர்களிடம் எஞ்சியிருந்த எபிரேயச் சொல் அது.

ஆவணங்களைத் தேடுவோர் மறைவாக யூத மதத்தைப் பின்பற்றியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை விசாரித்த கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் கோப்புகளுக்கு நேராகப் பாய்ந்து, தம் பெயரொத்த ஒருவரைக் கண்டதும் அவரையே மூதாதையாக்கிக்கொள்வதும் உண்டு. தன்னிலிருந்து தொடங்கி, பிறப்பு, திருமணப் பதிவேடுகள் வழியாக ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே முறை. லிஸ்பனிலுள்ள தோர்ரே தோ தொம்பு ஆவணக்காப்பகத்தில் இத்தகைய வழக்குகள் சுமார் 40,000 உள்ளன. பெற்றோர், தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் உறவுமுறை கேட்டு எழுதிய பகுதி அவற்றில் பொன்போன்றது. வதைக்கு அஞ்சி அளித்த வாக்குமூலத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது.

மரபணுச் சோதனை சொல்லும் சில விழுக்காடு ஒரு சாத்தியத்தைக் காட்டும். அந்த மூதாதை யார், எங்கு வாழ்ந்தார் என்பதைச் சொல்லாது.

சட்டத்தையும் சமயத்தையும் குழப்பிக்கொள்வதும் வீண் ஏமாற்றத்தில் முடியும். ஸ்பெயின் 2015 அக்டோபர் முதல் 2019 அக்டோபர் வரை செபார்டிக் வழித்தோன்றல்களின் குடியுரிமை விண்ணப்பங்களை ஏற்றது. அதற்கு விண்ணப்பதாரர் யூத மதத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. யூத மதகுருக்களான ரபிகள் கேட்பதோ இடையறாத தாய்வழி. அதைக் காட்ட இயலாதவரிடம் பொதுவாக முறைப்படியான மதமாற்றத்தைக் கோருவார்கள். ஷுவெட்டாக்களை 2011இல் இஸ்ரேலிய ரபி நிசிம் கரெலிட்ஸ் யூதராக ஏற்றதற்கும் அவர்களின் உள்மணமே அடிப்படை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, கிடைத்த மரபைப் பிழை என்று திருத்திவிடும் அவசரம். பன்றி என்று பொருள்படும் ‘மர்ரானோ’ என்ற வசைச்சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொள்பவர்கள், வெளியேறியவர்கள் ஒட்டோமான் மண்ணில் வளர்த்த லதினோ என்ற யூத ஸ்பானிய மொழிப் பாட்டுகளைக் குடும்பச் சொத்தாகக் கற்கிறார்கள். வீட்டுப் பாட்டி ‘புனித எஸ்தர்’ என்று விவிலிய அரசியை அழைத்து நோன்பிருந்ததையோ கத்தோலிக்கக் கலப்பு என்று ஒதுக்குகிறார்கள். தேவாலயத்துக்குள் நுழைகையில், மரத்தையும் கல்லையும் வணங்கவில்லை, அனைத்தையும் ஆளும் கடவுளையே வணங்குகிறேன் என்று வாய்க்குள் முணுமுணுக்கும் ஒரு செபம் போர்த்துகல் மலையூர்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. அப்படி ஏதேனும் உங்கள் வீட்டில் எஞ்சியிருந்தால், எபிரேய வகுப்பில் சேருவதற்கு முன் அதைச் சொன்னவரின் குரலிலேயே, தப்பும் தவறுமாக இருந்தாலும் அப்படியே, பதிவுசெய்துகொள்ளுங்கள்.