சீழ்க்கட்டி வந்து ஆறியவர்கள் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி வந்து, கீறி எடுத்து, ஆறியும் விட்டது. இனி மருத்துவக் காப்பீடும் டேர்ம் பாலிசி என்கிற ஆயுள் காப்பீடும் எடுக்க வேண்டும். எனக்கும் இதே நிலைதான்; நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் ரிப்போர்ட் (சீழில் என்ன கிருமி என்று பார்த்தது), மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். சர்க்கரை ரிப்போர்ட்டை அவர்கள் கேட்கும்முன் கொடுப்பது நல்லது. கட்டி என்றாலே நீரிழிவு இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படியுங்கள். என்னுடையதில் கேள்விக்குறி போட்டு ‘ஃபிஸ்டுலா’ என்று இருந்தது; அதாவது பவுத்திரம், ஆசனவாயின் உட்புறத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே உண்டாகும் புழை. மருத்துவருக்கு அது சந்தேகக் குறிப்பு மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் அதையே பவுத்திரமாக எடுத்துக்கொண்டது. விண்ணப்பம் அங்கேயே நின்றது. அறுவை சிகிச்சை செய்தவரிடமே போய், மறுபடி பரிசோதிக்கச் சொல்லி, லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன்: கட்டி எந்த இடத்தில், கீறிய தேதி, முழுதாக ஆறியதா, பவுத்திரம் உண்டா இல்லையா. கையெழுத்தோடு அவருடைய பதிவு எண்ணும் வேண்டும். எம்ஆர்ஐ பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். பவுத்திரம் இருந்தால் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லதுதானே.

அப்புறம் படிவம். அறுவை சிகிச்சை பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய்தான் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ. ஆனால் படிவம் அதற்கு முந்தையதையும் கேட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டும். போனில் சொல்வதை நான் நம்புவதில்லை, எதுவானாலும் மின்னஞ்சல்தான்.

பாலிசி வந்ததும் அதோடு வரும் படிவ நகலில் உங்கள் பதில்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்ய 30 நாள் உண்டு. பவுத்திரத்துக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பும் உண்டு. கட்டியே வராதவர்களுக்கும் அது பொருந்தும்.

பின்சேர்க்கை: “ஏஜென்ட் கட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறார், மூன்று வருடம் போனால் நிறுவனம் கேட்க முடியாதாமே” என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின் மூன்று ஆண்டு வரம்பு ஆயுள் காப்பீட்டுக்கு. மருத்துவக் காப்பீட்டில் அது 60 மாதம், மோசடி என்று நிரூபித்தால் அதுவும் காக்காது. இடையில் உங்களுக்கு ஏதாவது ஆனால், கிளெய்ம் மறுப்புக் கடிதத்தோடு அலையப்போவது உங்கள் வீட்டார். எழுதிவிடுங்கள்.