ராணுவத்துக்கு ஈஆர்பி கொண்டு வரணுமா? ஸ்டோர் ரூம்ல இருந்து ஆரம்பிங்க

ஈஆர்பின்னா சரக்கு, கணக்கு, மெயிண்டனன்ஸ் எல்லாத்தையும் ஒரே சிஸ்டத்துல பாக்குற சாஃப்ட்வேர், எஸ்ஏபி, ஆரக்கிள் ரெண்டும் அதை விக்கிற கம்பெனிங்க. எஸ்ஏபி புதுசா படிக்கிறவங்க நிறைய பேர் கேக்குறாங்க, கம்பெனிக்குப் போடுற மாதிரியே ராணுவத்துக்கும் போட்டுடலாமான்னு. போடலாங்க, ஆனா எதை முதல்ல செய்யணும்ங்கிற வரிசை தப்பினா எல்லாம் போச்சு. அமெரிக்க விமானப்படை ஈசிஎஸ்எஸ்னு ஒரு சப்ளை சிஸ்டம் திட்டம் ஆரம்பிச்சு ஆரக்கிள் சாஃப்ட்வேர் வச்சு நூத்துக்கணக்கான பழைய சிஸ்டத்தை ஒண்ணாக்கப் பாத்தாங்க, 100 கோடி டாலருக்கு மேல போட்டுட்டு 2012 நவம்பர்ல மூடிட்டாங்க. அதே நாட்டுத் தரைப்படை எஸ்ஏபி மேல கட்டின ஜிசிஎஸ்எஸ்-ஆர்மிங்கிற சப்ளை சிஸ்டம் ஒழுங்கா நின்னுச்சு. இந்த ரெண்டையும் மனசுல வச்சுட்டு படிங்க.

ஸ்டெப் 1: இப்ப என்னென்ன ஓடுதுன்னு எழுதுங்க. பழைய சாஃப்ட்வேர், எக்செல் ஷீட், ஸ்டோர் கீப்பரோட நோட்டு எல்லாத்தையும்.

ஸ்டெப் 2: வேலை செய்யுற முறையை மாத்த மேல இருக்கிறவங்க ஒத்துக்கணும். "எங்க பழக்கத்துக்கு சாஃப்ட்வேரை மாத்திக் குடு"ன்னு ஒவ்வொரு பிரிவும் கேட்டா கஸ்டமைசேஷன் முடியவே முடியாது. இன்னொண்ணு, ராணுவத்துல ரெண்டு மூணு வருஷத்துல அதிகாரி மாறிடுவாரு, ஈசிஎஸ்எஸ்ல மட்டும் 6 ப்ரோகிராம் மேனேஜர் மாறினாங்க, அதனால எடுத்த முடிவு எல்லாத்தையும் எழுத்துல கையெழுத்தோட வாங்கிடுங்க.

ஸ்டெப் 3: மாஸ்டர் டேட்டா, அதாவது ஒவ்வொரு பொருளோட பேர், நம்பர் மாதிரி அடிப்படை விவரம். என்னைக் கேட்டா பாதி வேலை இதுதான். நேட்டோ நாடுகள்ல ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க ஸ்டாக் நம்பர் உண்டு, முதல் 4 இலக்கம் பொருளோட வகை (5305னா ஸ்க்ரூ, 5306னா போல்ட்), அடுத்த 2 எந்த நாடு பதிவு பண்ணுச்சுன்னு, மிச்ச 7 அந்தப் பொருளுக்கே உரியது. இதுல ஒரு இலக்கம் தப்பா ஏறினா டேங்க்குக்குக் கேட்ட போல்ட்டுக்குப் பதிலா வேற எதோ வந்து இறங்கும், வண்டி ஷெட்லயே நிக்கும். நான் வேலை பாத்த ஒரு ஃபேக்டரில ஒரே பேரிங் மூணு பேர்ல ஏறியிருந்துச்சு, ரேக் நிறைய சரக்கு இருக்கும்போதே சிஸ்டம் "ஸ்டாக் இல்ல"ன்னு காட்டுச்சு, ரேக் ரேக்கா கையால எண்ணித்தான் சரி பண்ணோம். கோ-லைவுக்கு, அதாவது புது சிஸ்டத்தை ஓட விடுறதுக்கு முன்னாடி நீங்களும் எண்ணிடுங்க, இதுக்கு குறுக்குவழி கிடையாது.

ஸ்டெப் 4: ஒரே ஒரு பைலட், அதாவது சின்ன அளவுல ஒரு சோதனை ஓட்டம். அமெரிக்கக் கடற்படை முதல்ல தனித்தனியா 4 பைலட் நடத்துச்சு, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கல, சுமார் 100 கோடி டாலர் அதுல போச்சு. ஜிசிஎஸ்எஸ்-ஆர்மில ரெண்டு கட்டமா பிரிச்சாங்க, முதல்ல குடோன் சப்ளை, அது 2015ல முடிஞ்சுச்சு, அடுத்ததா யூனிட் சொத்துக் கணக்கும் வண்டி மெயிண்டனன்ஸும், 2017ல முடிச்சாங்க. நீங்களும் குடோன்ல ஆரம்பிங்க.

ஸ்டெப் 5: நெட்வொர்க் இல்லாத நாளுக்குத் தயாராகுங்க. களத்துல சாட்டிலைட் டிஷ் வச்சுத்தான் லைன் எடுக்கணும், அதுவும் விட்டு விட்டு வரும். அமெரிக்கத் தரைப்படைல 5988-ஈனு ஒரு படிவம் இருக்கு, சிஸ்டத்துல இருந்து பிரிண்ட் எடுத்து சிப்பாய் அதைக் கையில வச்சுட்டு வண்டிக்கு அடியில குனிஞ்சு ஆயில் கசியுதா பிரேக் எப்படின்னு பாத்து எழுதுவாரு, அப்புறம் கிளார்க் அதை சிஸ்டத்துல ஏத்துவாரு. உங்க திட்டத்துலயும் இப்படி ஒரு பேப்பர் வழி இருக்கணும். லைன் திரும்ப வந்ததும் அந்தப் பேப்பரை யார் ஏத்தணும், எத்தனை மணி நேரத்துக்குள்ளன்னு ட்ரெயினிங்லயே பழக்கிடுங்க.