தொட்டால் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டதா?

புதுச்சேரி காந்தி திடலில் கைவினைச் சந்தை கூடும்போதெல்லாம் புதிதாக இரண்டு மூன்று மேசைகள் முளைக்கின்றன. புதியவர்கள் செய்யும் தவறுகளில், சில்லறை இல்லாமல் வந்து விழிப்பது, விலையைக் குறைத்துப் போடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை முதல் நாளிலேயே புரிந்துவிடும். அப்படிச் சட்டென்று புரியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

காயாத எண்ணெய்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். கார்த்திகை அடைமழையில், வேப்பமரக் கரண்டிக்கு முந்தின நாள் மாலை லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) பூசி, காலையில் பாலித்தீன் உறையில் போட்டு அடுக்கிவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் ஓர் அம்மா அப்படியொன்றைப் பிரித்தார். உறை கரண்டிக் குழியில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தவர், "தம்பி, இதைப் போட்டுக் கிண்டினால் சாம்பாரில் பெயிண்ட் வாசனைதான் வரும்" என்று வைத்துவிட்டு நடந்தார். அத்தனை கரண்டியையும் அந்தத் தம்பி மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் மெல்ல இறுகும். கனமாகப் பூசினால் பால்போல மேலே ஏடு கட்டிக்கொண்டு, உள்ளே ஈரமாகவே கிடக்கும். கடலோர மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். உறையில் அடைத்தால் காற்றும் போச்சு. மெல்லிசாகப் பூசி, மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் விட வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் இறுகும்தான், மரமும் வெடிக்கும்.

ஹார்டுவேர் கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கிடைப்பதில் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகச் சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். உணவில் படும் பொருளுக்கு அது வேண்டாம். ஒன்றும் கலக்காத எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது.

எண்ணெய் துடைத்த துணி

சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

பொம்மை

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. புவிசார் குறியீட்டுப் பொருளுக்கும் உண்டு, ஆனால் அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளருக்கு மட்டும். வில்லியனூர் சுடுமண்ணும் திருக்கனூர் காகிதக்கூழும் அந்தக் குறியீடு பெற்றவைதான்; அதற்காக நம் ஊர் மரக் கிலுகிலுப்பைக்கும் அந்த விலக்கு பொருந்திவிடாது.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் அடங்காது. பட்டறையில் மீந்த டப்பாவைத் திறந்து கிலுகிலுப்பைக்கு அடிப்பவர்களை என்ன சொல்வது? குழந்தை அதைக் கடிக்கத்தானே செய்யும்!

சோப்பு

சட்டப்படி அது அழகுசாதனப் பொருள். தயாரிப்பு உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது.

முறுக்கு, ஊறுகாய்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எடை, முகவரி, தயாரித்த தேதி, எல்லா வரியும் சேர்த்த விலை ஆகியவையும்தான். கூட்டம் கூடுகிறதே என்று, அச்சிட்ட விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றாதீர்கள்.