செயற்கைக் காலோடு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வருபவர்களுக்கு

"இங்கே ஒரு கால் என்ன விலை?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, எந்தப் பாகம் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேளுங்கள். சைக்கிள் மாதிரித்தான் இதுவும். டயர் ஒரு நேரம் தேயும், செயின் இன்னொரு நேரம்.

தோலோடு ஒட்டியிருக்கும் லைனர் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாங்கும். முழுக் காலுக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் சொல்வார்கள். கால் நுழையும் சாக்கெட் கதை வேறு. அது தேய்வதற்கு முன்பே உங்கள் கால் மாறிவிடும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் ஒரு வருடத்தில் எஞ்சிய கால் வற்றிக்கொண்டே போகும். எஞ்சிய காலில் சொக்ஸ் மாதிரியான உறையை மேலும் மேலும் போட்டும் ஆடுகிறதென்றால் சாக்கெட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எடை ஏறினாலும் இறங்கினாலும் இதே பாடுதான்.

சரி, பணம். மாகாண அரசின் அசிஸ்டிவ் டிவைசஸ் புரோகிராம், இங்கே ஏடிபி என்பார்கள், அங்கீகரித்த விலையில் 75 சதவீதத்தைக் கொடுக்கும். அரச உதவிப்பணத்தில் இருப்பவர்களுக்கு முழுவதும் கிடைக்கும். மருத்துவரின் பரிந்துரையும் ஏடிபியில் பதிவான கிளினிக்கும் வேண்டும். வேலையிடத்து விபத்தில் கால் போயிருந்தால் டபிள்யூஎஸ்ஐபி, அதாவது வேலையிட விபத்துக் காப்புறுதியைப் பார்க்கும் மாகாண வாரியம், அந்தப் பக்கம் போங்கள். மீதி 25 சதவீதம் சின்னத் தொகை போலத் தெரியும். கணக்குக்கு ஒரு கால் 10,000 டொலர் என்று வைப்போம். உங்கள் பங்கு 2,500. நாற்பது வயதில் தொடங்கி நாலு வருடத்துக்கு ஒன்று என்றால் எண்பது வயதுக்குள் பத்துக் கால், 25,000 டொலர். விலை ஏறாது என்று நினைத்துப் போட்ட கணக்கு இது! நடுவில் வாங்கும் லைனர், உறையும் இதில் இல்லை. அவற்றில் எதற்கு ஏடிபி கொடுக்கும் என்று கிளினிக்கில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் கை கால் இழந்தவர்களுக்கு உதவும் வோர் ஆம்ப்ஸ் என்ற அமைப்புக்கும் விண்ணப்பியுங்கள். 1918இல் போரில் உறுப்பிழந்த வீரர்கள் தொடங்கியது என்றாலும் போருக்குப் போகாதவர்களுக்கும் உதவுகிறார்கள். கையிலிருந்து கொடுத்த பணத்துக்கு ரசீதை எறியாதீர்கள். வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் போட்ட ஜெய்ப்பூர் காலோடு, அதாவது இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான வகைச் செயற்கைக் காலோடு, வந்தவர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பாதம் வெறுங்காலோடு நடக்கவும் குந்தி இருக்கவும் என்றே செய்தது. இங்கே பாதத்தைச் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடி பொருத்துவார்கள். வீட்டு வாசலிலோ கோயிலிலோ சப்பாத்தைக் கழற்றினால் பின்பக்கம் சாய்ப்பது போலிருக்கும். என் சித்தப்பா மூன்று மாதம் முதுகுவலியோடு திரிந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. "நான் வீட்டில் சப்பாத்துப் போடுவதில்லை" என்று முதல் நாளே சொல்லுங்கள்; குதி உயரத்தை மாற்றக்கூடிய பாதமும் இருக்கிறது.

புதுக் கால் வந்ததும் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். புதியது திருத்தப் போகும் நாட்களில் அதுதான் உங்களைக் குளியலறை வரை கொண்டுபோகும்.