எஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிக் கொம்பு எப்போது வரும்?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தால், 'கேக்ஸ்', 'ஷர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிய கடைப் பலகைகளில் எஸ்ஸுக்கு முன்னால் தேவையே இல்லாமல் ஓர் அப்பொஸ்ட்ரபி (’) தொங்குவதைப் பார்க்கலாம். தமிழில் சொல்லிப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்: 'கள்' வந்தால் வெறும் எஸ், 'உடைய' வந்தால்தான் அப்பொஸ்ட்ரபி.

இரண்டும் சேரும்போதுதான் சிக்கல். ஒரு பையனுடைய பை என்றால் 'பாய்' எழுதி, அப்பொஸ்ட்ரபி போட்டு, பிறகு எஸ். பல பையன்களுடையது என்றால் முதலில் 'பாய்ஸ்' என்று பன்மையை எழுதி முடித்துவிட்டு, அதன் வாலில் அப்பொஸ்ட்ரபி மட்டும், இன்னோர் எஸ் வேண்டாம். ஆனால் 'சில்ட்ரன்', 'மென்' எல்லாம் எஸ் இல்லாமலே பன்மையானவை, அதனால் அவற்றுக்கு ஒருமைக்குப் போலவே அப்பொஸ்ட்ரபியும் எஸ்ஸும் வேண்டும்.

பன்மை எழுத்துக்கூட்டல் சுலபம். 'பஸ்', 'பொக்ஸ்', 'டிஷ்' என்றால் இ-எஸ். 'சிட்டி'யில் வை போய் ஐ-இ-எஸ் வரும். 'பாய்' என்பதில் வைக்கு முன்னால் ஓ என்ற உயிரெழுத்து இருப்பதால் வை அப்படியே நிற்கும்.

அப்புறம் 'இட்ஸ்'. 'அதனுடைய' என்றால் அப்பொஸ்ட்ரபி கிடையாது, 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' சுருங்கினால்தான் உண்டு. நம் 'உடைய' சோதனை இங்கே காலை வாரிவிடும், நானே இன்னும் ஒருமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.