'டிக்' என்றதும் பேட்டரிமேல் பழி போடாதீர்கள்

காலையில் பைக்கின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் அசையவில்லை. சாவியை அணைத்து மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆகி நம் மானத்தை வாங்கும். அவர் என்ன செய்வார்? "பேட்டரி மாற்றிப் பாருங்கள் சார்" என்பார். நானும் பார்த்தேன். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கினேன். கோளாறு கடைசியில் ஒரு போல்ட்டில் இருந்தது.

அளக்காமல் வாங்கியது என் முதல் தவறு. தவறான நேரத்தில் அளந்தது அதைவிடப் பெரிய தவறு. ஓட்டி வந்து நிறுத்தியவுடன் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்தால் ஓய்ந்த பேட்டரிகூட 13 வோல்ட் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ். சிறிது நேரத்தில் இறங்கிவிடும். ஓர் இரவு நின்ற வண்டியில், சாவி போடாமல் அளக்க வேண்டும். 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.4 என்றால் முக்கால்வாசி, 12ஐ ஒட்டி வந்தால் ஏறக்குறைய காலி.

நிற்கும்போது நல்ல எண் வந்துவிட்டதால் பேட்டரி நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. மீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈய முனைகள்மேல் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். 9க்குக் கீழே சரிந்து இஞ்சின் முனகினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இஞ்சின் திரும்பவில்லை, ஆனால் மீட்டர் 12க்கு மேல் அசையாமல் நிற்கிறது என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகவே இல்லை. புதிய பேட்டரி வைத்தாலும் அதே கதைதான். ரிலே (பொத்தானை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்; 'டிக்' சத்தம் அதனுடையதுதான்), தடித்த வயர்கள், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

என் வண்டியில் நடந்தது இதுதான். பேட்டரி டெர்மினல்களை எத்தனை முறை சுரண்டி இறுக்கியிருப்பேன்! நெகட்டிவ் டெர்மினலிலிருந்து போகும் எர்த் வயருக்கு இன்னொரு முனை உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. அது இஞ்சினுக்குப் பின்புறம் ஒரு போல்ட்டில் முடிகிறது. செயின் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்த இடத்தைத் துடைத்தால், வளையத்தைச் சுற்றிப் பாசிபோல் பச்சை பூத்திருந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வளையத்துக்கு அடியில் பெயின்ட்டும் துருவும். உலோகம் உலோகத்தைத் தொட்டது ஓர் ஓரத்தில் மட்டும். இஞ்சின் அதிர்வில் அந்த ஓரம் சில நாள் தொடும், சில நாள் தொடாது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டினேன். அதற்குப் பிறகு 'டிக்' இல்லை.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்மேலும் மற்றதை இஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் அந்த வழியில்தான் தடை. கோளாறு வெளிப்படும் அந்தக் கணத்தில் அளந்தால்தான் பலன். ஆகவே மீட்டரை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்தால் ரிலே மூடிய கையோடு வோல்ட்டேஜ் விழுகிறது: பலவீனமான பேட்டரி அல்லது தளர்ந்த டெர்மினல். சத்தமே இல்லையா? கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள். நியூட்ரல் விளக்கு எரியாமல் கிளட்ச் பிடித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆனால், நியூட்ரல் சுவிட்ச் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ரிலேயின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைக்கும் பழைய வித்தையைக் கியரில் இருக்கும் வண்டியில் காட்டாதீர்கள். அது எல்லாப் பாதுகாப்பு சுவிட்சுகளையும் தாண்டிப் போவதால் வண்டி தாவிவிடும்.

பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருந்தால், ஏன் இறங்கியது என்று கேட்காமல் புதியது பொருத்துவது காசைக் கரியாக்கும் வேலை. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் திருகாமல் இஞ்சின் ஓடும்போது) அளந்துவிட்டு "சார்ஜ் ஏறவில்லை" என்று சொல்லக் கூடாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் வந்த பெரும்பாலான பைக்குகளில் இஞ்சின் ஓடினாலே முகப்பு விளக்கும் எரியும். ஐடிலில் சார்ஜ் குறைவாகத்தான் தெரியும். வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு பேட்டரியை நிரப்பிவிட்டதாக நினைப்பதும் இதனால் வீண்தான். இஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு ஏற்றினால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15ஐத் தாண்டினால், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. 13க்குக் கீழே நின்றால், மின்சாரம் தயாரிக்கும் சுருளான ஸ்டேட்டரைக் குறை சொல்லும் முன் அதன் சாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது சகஜம்.

நிற்கும்போது மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைப்பார்கள். அந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வெளியே சார்ஜ் போடுவதானால் 4 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். கார் சார்ஜர் அதைப் பொரித்துவிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஒருமுறை இதை மாற்றிச் செய்ததில் ஸ்பேனர் ஃபிரேமைத் தொட்டு, அதன் விளிம்பில் மிளகளவு ஒரு பள்ளம் விழுந்தது. அந்த ஸ்பேனர் இன்னும் என் டூல் பையில் இருக்கிறது.