சந்தன வேம்பு: விதையிலிருந்து காபித் தோட்டம் வரை

நீலகிரியின் கூடலூரிலும் கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கமும் காபிக்கு நிழல் தரும் மரங்களில் சந்தன வேம்பும் ஒன்று. வேம்பின் குடும்பம்தான். மரம் இலேசானது, வைரம் செங்கல் நிறம், இழைத்தால் மணக்கும். மேசை, அலமாரி, ஒட்டுப்பலகைக்கு நல்லது. ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிக்கும் போனது.

1. தாய்மரம். வேம்புக்கும் மலைவேம்புக்கும் இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். இதற்குப் பெரும்பாலும் வழவழவென்றிருக்கும். சந்தேகமா? மரத்தடியில் தேடுங்கள். காய்ந்த காய் ஐந்து இதழாக வெடித்து மரத்தில் செதுக்கிய பூப்போலக் கிடக்கும்.

2. விதை. காய் பச்சை மாறிப் பழுப்பாகும்போதே, வெடிக்குமுன் பறியுங்கள். இரு முனையிலும் இறகுள்ள விதை, வெடித்தால் காற்றோடு போய்விடும். காற்றடிக்காத இடத்தில் துணியில் பரப்பினால் சில நாளில் காய் திறக்கும். உடனே விதையுங்கள், சும்மா வைத்தால் சில மாதத்தில் முளைப்புத்திறன் போய்விடும். போன வருட விதையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. நாற்று. 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி, செம்மண்ணும் மணலும் சரிபாதி. விதை மறையுமளவு மட்டும் மண் தூவி, பூவாளியால் நீர் விடுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். நெருக்கமாக விதைத்து ஈரமும் மிஞ்சினால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்துச் சாயும்: நாற்றழுகல். சாய்ந்ததை மண்ணோடு அள்ளி எறிந்து, நீரைக் குறையுங்கள். நாலிலை வந்ததும் பைக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடித்தால் நசுங்கும்.

4. நடவு. குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. கூடலூரில் ஜூன் மழையோடு, கீழ்ப்பழனியில் அக்டோபர் மழையோடு நடுங்கள்.

5. குருத்துத் துளைப்பான். இந்த மரத்தின் தலைவலியே இதுதான். அந்துப்பூச்சியின் புழு நுனிக்குருத்தைக் குடைந்து உள்ளே போகும். நுனி வாடித் தொங்கும். துளை வாயில் மரத்தூள் போன்ற எச்சமும் பிசினும் ஒட்டியிருக்கும். நுனி செத்தால் பக்கக்கிளைகள் கிளம்பி மரம் கவையாகும்; பலகைக்கு நேர்மரம் கிடைக்காது. குடைவு முடியும் இடத்துக்குக் கீழே வெட்டி எரியுங்கள். பிறகு வரும் துளிர்களில் நேரானது ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். திறந்த வெயிலில் இதையே தனியாக நட்ட தோப்பில்தான் தாக்குதல் அதிகம். காபிக்கு நிழல் தரும் இன்னொரு மரமான சில்வர் ஓக்கின் அரைநிழலில் கலந்து நடுவதே எங்கள் பரிந்துரை.

6. வெட்டும் முன். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அமலிலுள்ள கிராமங்களில், பட்டா நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நட்ட ஆண்டையும் எண்ணிக்கையையும் அப்போதே குறித்து வையுங்கள்.